ஆறாவது வரியில் ஒரு சொல்

கடிதம் ஆங்கிலத்தில்.
ஆறாவது வரியில் அந்தச் சொல்:
அலுவலகத்தில் நீர் ஒரு 'ஸ்டேர்' உண்டாக்கினீர்,
ஆகவே நாளை முதல் வர வேண்டாம்.

தொழில் நியாய சபை. மேலே விசிறி
சுற்றுகிறது, காற்றைத் தொடாமல்.
கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று
நான் சத்தியம் செய்திருக்கிறேன்.
அகராதி செய்யவில்லை.

கூண்டில் நிஸ்தார். கொம்பனித்தெரு.
பத்தொன்பது வருடம் நாலாம் மாடியில் தேநீர்.
சட்டைப் பையில்
ஒரு தேக்கரண்டியின் கைப்பிடி தெரிகிறது;
பழக்கம்.

"நீர் கலக்கினீரா?" என்று கேட்டேன்.
வேறென்ன கேட்க?

"நான்தான் சேர் கலக்கிய.
காலையில அறுபத்திரெண்டு, மூணு மணிக்கு ஐம்பது.
டிரெக்டருக்கு சீனி இல்ல,
அவருக்கும் கலக்கிய. இல்லாட்டி பால்மா கட்டிபடும்."

சுருக்கெழுத்துப் பெண் சிரிப்பை
விரல்நுனியில் நிறுத்தினாள்.
கம்பனி வக்கீல் எழுதிக்கொண்டார்:
ஒப்புக்கொண்டார்.

நில்லுங்கள். என் பிழை.

தொதல் என்றால் கிண்டலாம். புரியாணி என்றால் கிளறலாம்.
சட்டிக்கு அடியில் காணாமற்போன மீன்துண்டைத் துழாவலாம்.
'கிண்டல்' என்று பெயராக்கினால் பகிடியாகிவிடும்.
உறங்குகிறவன் புரண்டால் அதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்;
தமிழில் அது வெறும் அசைவு.
மேடையில் ஒருவன் நன்றாய்ப் பாடினால்
'கலக்கிட்டான்' என்போம்,
யாரும் அவனை வேலையை விட்டு நிறுத்துவதில்லை.

கலக்கு. அதன் பக்கத்து வீடுகளில்
கலக்கம் இருக்கிறது, கலகம் இருக்கிறது.
இந்த நகரத்தில் அந்த இரண்டாவதை
நான் சத்தமாய்ச் சொல்வதில்லை.
வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கதவில்
எண்பத்துமூன்றின் கோடரித் தழும்புக்கு மேல்
மூன்று முறை வர்ணம் பூசியாயிற்று.

இடைவேளையில் தடித்த அகராதியைப் புரட்டினேன்.
பழைய ஆங்கிலத்தில் அசை, கிளர்த்து.
புயலுக்கான சொல்லும் அதே வேரிலிருந்து
வந்திருக்கலாமாம்.
ஒரு கரண்டியும் ஒரு சூறாவளியும்
ஒன்றுவிட்ட சகோதரங்கள்!
சிறைச்சாலைக்கும் கொச்சையில் அதே எழுத்துகள்;
அது எந்தத் தெருவால் வந்ததென்று
அகராதிக்கே சரியாகத் தெரியவில்லை.

மறுபடி கேட்டேன், சொல்லை விட்டுவிட்டு:
அன்றைக்கு என்ன நடந்தது?

அன்றைக்கு நிஸ்தார் தட்டத்தோடு போய்
ஒவ்வொரு மேசையிலும் கோப்பையை வைத்து
சீனி கரையும் நேரத்துக்குள் கேட்டிருக்கிறார்:
"உங்கட சேமலாப நிதி விழுந்திருக்கா?
எனக்குப் பதினாலு மாசம் விழல்ல."
அவ்வளவுதான்.
சீனி கரையப் பன்னிரண்டு செக்கன்.
நாலரை மணிக்கு ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை;
ஐம்பது பேர் கணக்காளரின் கதவடியில்
வெறுங்கோப்பைகளோடு நின்றார்கள்.

'சேர்' என்றுதான் அவர் எல்லோரையும் அழைக்கிறார்,
தலைவரை, வக்கீலை, பெண்ணான என்னையும்.
ஆங்கிலத்தில் அந்த மரியாதைக்குள்
ஓர் எழுத்து நுழைந்தால் குற்றச்சாட்டாகிவிடுகிறது.
தமிழில் அது ஏற்கெனவே ஏவல்:
சேர்.
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.
யாரும் கேட்கவில்லை.

வழக்கு ஒக்டோபருக்குப் போனது.
என் குறிப்பேட்டில் ஆறாவது வரிக்கு நேரே
கலக்கு, வெட்டப்பட்டது.
கிளப்பு, வெட்டப்பட்டது.
பிறகு கொஞ்சம் வெள்ளைத்தாள்.

வாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை.
கரண்டி இல்லை என்றான் பையன்.
நிஸ்தார் பையிலிருந்ததை எடுத்து
சட்டை நுனியில் துடைத்து
முதலில் என் கிளாசுக்குள் விட்டார்.
கண்ணாடியில் உலோகம் தட்டும் சத்தத்துக்கு
பக்கத்து வாங்கில் இருந்த இரண்டு பேர்
திரும்பிப் பார்த்தார்கள்.